லிகெட்டியின் பியானோ எட்யூட்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஹங்கேரிய இசையமைப்பாளர் ஜியார்ஜி லிகெட்டி தனிப் பியானோவுக்காக எழுதிய எட்யூட்களை, அதாவது பயிற்சி உருப்படிகளை, எப்படி அணுகுவது, எப்படி வாசிப்பது என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து ஆறு கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: பியானோவில் எட்டாம் கிரேடு முடித்திருக்கிறேன். பாக், ஷோபான் உருப்படிகளைத் தடையில்லாமல் வாசிப்பேன். என் ஆசிரியர் லிகெட்டியின் முதல் தொகுதியைக் கொடுத்து, ஆறில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். நோட்ஸைப் புரட்டினாலே மலைப்பாக இருக்கிறது. எதிலிருந்து தொடங்கலாம்? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் மலைப்பு நியாயமானது. கச்சேரி மேடையில் பல்லாண்டு அனுபவம் உள்ளவர்களும் இந்த உருப்படிகளுக்கு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். லிகெட்டி 1923 மே 28 அன்று திரான்சில்வேனியாவில், ஹங்கேரிய மொழி பேசும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1956 ஹங்கேரியப் புரட்சி ஒடுக்கப்பட்டபின் அந்த ஆண்டு டிசம்பரில் வியன்னாவுக்குத் தப்பிச் சென்ற அவர், 2006 ஜூன் 12 அன்று அதே நகரில் காலமானார். எட்யூட்களின் முதல் தொகுதி 1985இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அது இசையமைப்புக்கான அமெரிக்காவின் கிராமேயர் விருதைப் பெற்றது. 2001 வரை எழுதியவற்றையும் சேர்த்தால் மூன்று தொகுதிகளில் முறையே ஆறு, எட்டு, நான்கு என மொத்தம் பதினெட்டு உருப்படிகள். இவற்றை எழுதியவர் பெரிய பியானோ வித்வான் அல்லர். பதினான்கு வயதில்தான் பியானோ கற்கத் தொடங்கினார். தம்முடைய வாசிப்பில் இருந்த போதாமையே இந்த உருப்படிகளை எழுதத் தூண்டிய காரணங்களில் ஒன்று என்று அவரே சொல்லியிருக்கிறார். கேட்பவருக்குச் சற்று ஆறுதலாகவும், வாசிக்க வேண்டியவருக்குச் சற்று எரிச்சலாகவும் இருக்கக்கூடிய செய்தி இது.

உங்கள் ஆசிரியரின் அனுமதியோடு நான் சொல்வது, எட்யூட்களுக்கு முன்னால் ‘மியூசிக்கா ரிச்செர்க்காட்டா’ என்ற தொகுப்பில் ஓரிரு உருப்படிகளை வாசித்துவிடுங்கள் என்பதே. புடாபெஸ்ட்டில் 1951 முதல் 1953 வரை, அரங்கேறும் என்ற நம்பிக்கை இல்லாமலே அவர் எழுதிவைத்த பதினொரு சிறு உருப்படிகள் அவை. முதல் உருப்படி முழுவதும் ஏ என்ற ஒரே ஸ்வரத்தை வெவ்வேறு ஸ்தாயிகளில் வைத்தே நடக்கிறது. கடைசியில் மட்டும் டி வந்து முடித்து வைக்கிறது. இரண்டாவதில் மூன்று ஸ்வரங்கள், மூன்றாவதில் நான்கு என்று ஏறிக்கொண்டே போய், பதினொன்றாவதில் பன்னிரண்டும் வந்துவிடுகின்றன. (ஸ்டான்லி குப்ரிக்கின் 1999ஆம் ஆண்டுக் கடைசிப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது உருப்படி உடனே அடையாளம் தெரியும்.) ஒரே ஸ்வரத்தைக் கொண்டு ஒரு உருப்படியை எப்படி நகர்த்துகிறார் என்று விரலால் உணர்ந்துவிட்டால், பின்னாளைய லிகெட்டியிடம் எதைத் தேட வேண்டும் என்பது தெளிவாகிவிடும். அவரிடம் முதலில் தேட வேண்டியது ராகத்தை அன்று. தாளம், ஸ்தாயி, அழுத்தம் ஆகியவற்றைத்தான்.

முதல் தொகுதிக்குள் வருவதானால், இரண்டாவதான ‘கோர்ட் ஆ வீட்’, அதாவது ‘திறந்த தந்திகள்’, நல்ல தொடக்கம். வயலினின் நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று ஸட்ஜ–பஞ்சம இடைவெளியில் சுருதி சேர்க்கப்படுவது போல, இந்த உருப்படி முழுவதும் அந்த இடைவெளியின் மேலேயே கட்டப்பட்டிருக்கிறது. சீரான குவேவர்களில் (முழு ஸ்வரத்தின் எட்டில் ஒரு பங்கு நீளமுள்ள ஸ்வரங்களில்) மென்மையாகத் தொடங்கி, பிறகு ஸ்வரங்கள் நெருங்கி அடர்ந்து, மீண்டும் தளர்கிறது. ஒவ்வொரு கையும் தன் சொற்றொடரைத் தனக்கேற்ற இடத்தில் முடித்துக்கொள்கிறது. வலது கை மூச்சுவிடும் இடத்தில் இடது கையும் சேர்ந்து மூச்சுவிட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதே இதில் முதற்பாடம். அது கைவந்தபின் ஐந்தாவதான ‘வானவில்’ எட்யூட்டுக்குப் போகலாம். பில் எவன்ஸ், தெலோனியஸ் மங்க் போன்ற ஜாஸ் பியானோ கலைஞர்கள் மீது லிகெட்டிக்கு இருந்த பற்று அதில் வெளிப்படையாகத் தெரியும். முதல் எட்யூட்டான ‘டெஸோர்ட்ர்’, அதாவது ‘ஒழுங்கின்மை’, முதலில் அச்சாகியிருப்பதாலேயே அதை முதலில் தொட வேண்டும் என்பதில்லை.

கேள்வி: எட்டு ஆண்டுகள் மிருதங்கம் கற்றவன், இப்போது பியானோவும் பயில்கிறேன். ‘டெஸோர்ட்ர்’ கேட்டபோது இரு கைகளும் வேறு வேறு தாளத்தில் ஓடுவது போல இருந்தது. இதைச் சொற்கட்டாக எழுதிக் கற்க முடியுமா? லிகெட்டி நம் லயக் கணக்கிலிருந்து ஏதாவது எடுத்தாரா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த உருப்படியின் வேர்கள் வேறு இடங்களில் இருக்கின்றன. மெக்சிகோ நகரில் வாழ்ந்த அமெரிக்கர் கான்லன் நான்காரோ, தானியங்கிப் பியானோவின் காகிதச் சுருளில் கையால் துளையிட்டு, எந்த மனிதக் கையும் வாசிக்க முடியாத பல வேக இசையை உருவாக்கிக்கொண்டிருந்தார். அந்த ஒலிப்பதிவுகள் 1980இல் லிகெட்டிக்குக் கிடைத்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து, அவருடைய மாணவரும் புவெர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவருமான ரொபெர்ட்டோ சியெர்ரா, மத்திய ஆப்பிரிக்காவின் பாண்டா-லிண்டா மக்களின் இசைப்பதிவைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைத் தொடர்ந்து அந்த இசையை ஆராய்ந்த சிம்ஹா அரோமின் பணியோடு லிகெட்டி நெருக்கமானார். பால்கன் நாட்டுப்புற நடனங்களில் உள்ள ஏற்றத்தாழ்வான தாளங்களோ அவர் இளமையிலிருந்தே அறிந்தவை. நம் லயக் கணக்கிலிருந்து எடுத்தார் என்பதற்கு இந்தக் கதையில் இடமில்லை.

ஆனால் சொற்கட்டாக எழுதிக் கற்பது மிகவும் பயனுள்ளது. எட்டு ஆண்டு மிருதங்கப் பயிற்சி உங்களுக்குப் பெரிய முதல். முதலில் அமைப்பைப் பார்ப்போம். வலது கை வெள்ளைக் கட்டைகளில் மட்டும் போகிறது. இடது கை கருப்புக் கட்டைகளில் மட்டும். ஆக ஒரு கைக்கு ஏழு ஸ்வரங்கள், மறு கைக்கு ஐந்து. இரண்டும் இடைவிடாமல் குவேவர்களில் ஓடுகின்றன. ஒவ்வொரு சிறு பிரிவின் தொடக்கத்திலும் அழுத்தமான ஒரு ஸ்வரம் ஆக்டேவாக, அதாவது அடுத்த ஸ்தாயியில் உள்ள தன் இணையோடு சேர்ந்து, விழுகிறது. மற்றவை அதன் பின்னால் மெல்லிய குரலில் மேலேறும் நிரப்பு ஸ்வரங்கள். நீங்கள் மெட்டாகக் கேட்பது அந்த அழுத்த ஸ்வரங்களின் வரிசையை மட்டுமே.

இடது கையின் முதல் நான்கு பார்களின் (இசைக்குறிப்பில் செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதிகளின்) கணக்கு இது: தகிட தகதகிட, தகிட தகதகிட, தகதகிட தகிட, தகதிமிதகஜொணு. அதாவது மூன்றும் ஐந்தும், மூன்றும் ஐந்தும், ஐந்தும் மூன்றும், எட்டு. வலது கைக்கும் முதல் மூன்று பார்கள் இதே. நான்காவது பாரில் மட்டும் வலது கைக்கு எட்டுக்குப் பதிலாக ஏழு: தகதிமிதகிட. எல்லாக் குழப்பமும் இந்த ஒரே ஒரு குவேவரிலிருந்துதான் பிறக்கிறது. இடது கை 32 எண்ணி முடிப்பதற்குள் வலது கை 31 எண்ணி முடித்து, அடுத்த வரியை ஒரு குவேவர் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. அடுத்த சுற்று முடிவில் 62க்கு 64, இடைவெளி இரண்டாகிறது. முதல் மூன்று பார்களில் ஒரே குரலாகக் கேட்ட அழுத்தங்கள், பிறகு எதிரொலி போல ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்குகின்றன. இசைக்குறிப்பிலும் இது கண்ணுக்குத் தெரியும். மேல் வரியின் பார்களைப் பிரிக்கும் செங்குத்துக் கோடுகளும் கீழ் வரியின் கோடுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்காமல் விலகிப்போகின்றன.

இதன் மேல் இன்னொரு அடுக்கு உண்டு. வலது கையின் முழு மெட்டு 14 பார் நீளம். இடது கையினுடையது 18 பார். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வலது கை மெட்டு ஒரு ஸ்வரம் மேலேறுகிறது. இடது கை மெட்டு தன் ஐந்து ஸ்வர வரிசையில் இரண்டு படி கீழிறங்குகிறது. ஆகவே கைகள் காலத்தில் மட்டுமல்லாமல் பியானோவின் நீளவாக்கிலும் பிரிந்துபோகின்றன. போகப்போக அழுத்தங்களுக்கு இடையிலான தூரம் சுருங்கி நெருக்கடி முற்றுகிறது. இத்தனையும் நடந்து முடிய இரண்டரை நிமிடம்கூட ஆவதில்லை.

இப்போது ஓர் எச்சரிக்கை. எட்டு எட்டாக வருவதால் உங்கள் காது இதை ஆதி தாளத்துக்குள் அடைக்கப் பார்க்கும். அப்படிப் போட்டால், ஏழு வரும் இடத்தில் சமம் தப்பியது போன்ற பதற்றம் ஏற்பட்டு, வலது கை தன்னையறியாமல் அந்த ஒரு குவேவரை இழுத்துவிடும். நம் கச்சேரியில் இருவர் ஓர் அட்சரம் விலகினால் அது பிழை. இங்கே எழுதிவைக்கப்பட்டிருப்பதே அந்த விலகல்தான். இதில் திரும்பிச் சேர வேண்டிய சமம் கிடையாது. இரு கைகளுக்கும் பொதுவாக இருப்பது வேகமான, சமமான குவேவர் ஓட்டம் ஒன்றே. எனவே சாதகத்தின்போது தாளம் போடாமல், குவேவரை மட்டுமே மெட்ரோனோமில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாதகம் செய்யும் முறை குறித்து என் பரிந்துரை இது. நிரப்பு ஸ்வரங்களை எல்லாம் விட்டுவிட்டு, அழுத்த ஸ்வரங்களை மட்டும் ஒற்றை ஸ்வரமாக, மிக மெதுவாக, ஒவ்வொரு கையிலும் தனித்தனியே வாசியுங்கள். அடுத்து வலது கையால் வாசித்துக்கொண்டு இடது கையின் கணக்கை வாயால் சொல்லுங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள். கொன்னக்கோல் பழகிய நாக்கு உங்களுக்கு இங்கே உதவுவதுபோல் வேறு எந்தப் பயிற்சியும் உதவாது. அதன்பின் இரு கைகளையும் சேர்த்து அழுத்தங்களை மட்டும் வாசித்து, கடைசியாகவே நிரப்பு ஸ்வரங்களைச் சேருங்கள். அவற்றைச் சேர்க்கும்போது ஒலியளவில் பெரிய வித்தியாசம் இருக்க வேண்டும். நிரப்பு ஸ்வரம் சற்றுப் பலத்துவிட்டாலும் மெட்டு மூழ்கிவிடும், கேட்பவருக்கு வெறும் இரைச்சலே மிஞ்சும். பெடலைத் தாராளமாக மிதிப்பதும் இதே கேட்டைத்தான் செய்யும். சுண்டுவிரலும் கட்டைவிரலும் ஆக்டேவை அடிக்கும் கணத்தில் முன்கை இறுகினால், அடுத்த நிரப்பு ஸ்வரம் மெலிதாக வராது. வலி தோன்றினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: ஓர் உருப்படியை மேடையில் வாசிக்க அதைப் பகுத்தாராய வேண்டுமா? நன்றாக வாசிப்பவர் பலர் இந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லையே. ஆராய்ச்சி செய்பவர்களோ பியானோவில் உட்காருவதில்லை. (வாசகர், சென்னை)

பதில்: உங்கள் கிண்டலில் உண்மை உண்டு. லிகெட்டியின் உருப்படிகள் குறித்த ஆய்வுகளில் ஒவ்வொரு ஸ்வரக் கூட்டுக்கும் எண்பெயர் சூட்டிப் பட்டியலிடுபவை நிறைய. அவற்றை முழுதாகப் படித்தபின்னும் எந்த விரலை எங்கே வைப்பது என்ற தெளிவு கிடைக்காது. வாசிப்பவருக்கு வேண்டிய பகுப்பாய்வு வேறு. கையில் ஏதாவது ஒன்றை மாற்றும்படி சொல்லும் பகுப்பாய்வே அவருக்கு உதவும். மற்றதைச் சாவகாசமாகப் படித்துக்கொள்ளலாம்.

நான்காவது எட்யூட்டான ‘ஃபான்ஃபார்’, அதாவது எக்காள முழக்கம், இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. எட்டு ஸ்வரங்கள் கொண்ட ஓர் ஏறுவரிசை, முதல் பாரிலிருந்து கடைசி வரை ஓயாமல் சுழல்கிறது. சில சமயம் இடது கையில், சில சமயம் வலது கையில். ஸ்வரங்களைப் பார்த்தால் அது நான்கும் நான்குமாகப் பிரிகிறது: சி, டி, ஈ, எஃப் என்று நான்கு வெள்ளைக் கட்டைகள், அடுத்து எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி. ஆனால் தாளமோ மூன்று, இரண்டு, மூன்று என்று பிரிகிறது. அதன்படி அழுத்தம் விழ வேண்டியவை முதல், நான்காம், ஆறாம் ஸ்வரங்கள், அதாவது சி, எஃப், ஜி ஷார்ப். கை இயல்பாக நிலை மாற விரும்புவதோ ஐந்தாம் ஸ்வரத்தில், கருப்புக் கட்டைகளுக்குத் தாவும் இடத்தில். கணக்கைப் பார்க்காமல் விரலுக்கு வசதியான வழியில் பழகியவர் வாசித்தால், நிலை மாறும் அந்த ஐந்தாம் ஸ்வரத்தில் தன்னையறியாத ஓர் அழுத்தம் விழும். உடனே மூன்று, இரண்டு, மூன்று என்ற நடை குலைந்து, நான்கு நான்கு என்ற சாதாரண நடையாகிவிடும். உருப்படியின் உயிரே அங்கே போய்விடுகிறது. இதை அறிந்தவர் நிலை மாற்றத்தை அழுத்தம் விழும் ஸ்வரத்தோடு சேர்த்து விரல்முறையை அமைத்துக்கொள்வார், அல்லது ஐந்தாம் ஸ்வரத்தை வேண்டுமென்றே மெலிதாக வாசித்துப் பழகுவார். இப்படிப்பட்ட பகுப்பாய்வு பென்சிலால் இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டால் தவறான பழக்கத்தைக் களைய இரண்டு மாதம் பிடிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘கணக்குப் பார்க்காமல் நன்றாக வாசிப்பவர்’ என்று நாம் சொல்பவர்கள் பெரும்பாலும் காதால் கணக்குப் பார்த்தவர்கள். அவர்கள் எழுதிக் காட்டவில்லை என்பதாலேயே ஆராயவில்லை என்றாகிவிடாது. மறுபக்கம், இந்த எட்யூட்கள் கணினி போட்டுத் தந்த கணக்கு என்று நினைப்பதும் தவறு. ஃப்ராக்டல் வடிவங்களின், அதாவது ஒரே அமைப்பு சிறிதும் பெரிதுமாகத் தனக்குள்ளேயே திரும்பத் திரும்ப வரும் கணித வடிவங்களின், படங்கள் லிகெட்டியை மிகவும் கவர்ந்தது உண்மை. ஆனால் அவர் சூத்திரத்திலிருந்து ஸ்வரங்களைக் கணக்கிட்டு எடுத்தவர் அல்லர். தம் விரல்களைக் கட்டைகளில் வைத்து, காதால் கேட்டு, மாற்றி எழுதிக்கொண்டே போனவர். அவர் வகுத்த விதியை அவரே மீறும் இடங்கள் ஏராளம். விதியைத் தெரிந்துவைத்திருப்பவருக்கே மீறல் எங்கே என்று தெரியும். மேடையில் அந்த இடத்தை உணர்த்த முடிவதும் அவரால்தான்.

கேள்வி: என்னிடம் இருப்பது டிஜிட்டல் பியானோ. மூன்றாவது எட்யூட்டில் சில கட்டைகளைச் சத்தமில்லாமல் அழுத்திப் பிடிக்கச் சொல்கிறார்கள். இது டிஜிட்டல் பியானோவில் நடக்குமா? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: பயிற்சிக்குப் பெரும்பாலும் நடக்கும். அந்த எட்யூட்டின் பெயர் ‘தூஷ் ப்ளோக்கே’, அதாவது அடைபட்ட கட்டைகள். ஒரு கை சில கட்டைகளை ஓசை எழாமல் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றக் கை அவற்றின் மேலேயே வேகமாக ஓடுகிறது. ஏற்கெனவே கீழே இறங்கியிருக்கும் கட்டையில் விரல் பட்டால் ஒலி வராது. ஆகவே விரல்கள் ஒரே சீராக ஓடினாலும், இடையிடையே படிகள் காணாமற்போன மாடிப்படியில் ஓடுவது போலத் திக்கித் திக்கி ஒலிக்கிறது. ஒலிக்காத ஸ்வரங்கள் இசைக்குறிப்பில் சிறிய தலைகளோடு அச்சிடப்பட்டிருக்கும்.

டிஜிட்டல் பியானோவில் கட்டையை மிக மெதுவாக அழுத்தினால் பல கருவிகள் ஒலி எழுப்புவதில்லை, சில எழுப்பிவிடும். உங்களுடையது எந்த வகை என்று ஒரு கட்டையில் சோதித்துப் பாருங்கள். அழுத்தி வைத்த கட்டை மீண்டும் மேலே வராத வரை அது மறுபடி ஒலிக்க வழியில்லை என்பதால் இந்த உத்தியின் முக்கியப் பகுதி இரண்டு வகைப் பியானோவிலும் ஒன்றே. மரப் பியானோவுக்குப் போகும்போது கட்டையின் கனம் மாறும்; பிடித்திருக்கும் விரல் சற்றுத் தளர்ந்தாலும் கட்டை மேலெழுந்து, ஒலிக்கக் கூடாத ஸ்வரம் ஒலித்துவிடும். அதனால் மேடை ஏறுமுன் சில நாள்களாவது மரப் பியானோவில் பழகுங்கள்.

பலர் தடுமாறும் இடம் வேறு. ஒலி வராத இடத்தில் விரல் தயங்குகிறது. வராத ஸ்வரத்தையும் வந்த ஸ்வரத்தைப் போலவே அடித்துக் கடக்க வேண்டும். முதலில் எந்தக் கட்டையையும் பிடிக்காமல் ஓட்டத்தை முழுதாக, சமமாக வாசித்துப் பழகி, கையில் அது படிந்தபிறகே மற்றக் கையைக் கொண்டுவந்து கட்டைகளை அடைத்தால் இந்தத் தயக்கம் வராது.

கேள்வி: ஆறாவது எட்யூட்டான ‘வார்சாவில் இலையுதிர்காலம்’ அரசியல் உருப்படியா? அதில் ஒரே ஆள் மூன்று நான்கு வேகங்களில் வாசிப்பதாகச் சொல்கிறார்கள். அது எப்படிச் சாத்தியம்? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: தலைப்புக்குப் பின்னணி உண்டு. ‘வார்சா இலையுதிர்காலம்’ என்பது 1956இல் தொடங்கிய புகழ்பெற்ற சமகால இசை விழாவின் பெயர். போலந்தில் 1981 டிசம்பரில் இராணுவச் சட்டம் வந்தது. 1982இல் அந்த விழா நடக்கவில்லை. 1985இல் முடித்த இந்த உருப்படியை லிகெட்டி தம் போலந்து நண்பர்களுக்குக் காணிக்கையாக்கினார். கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்து தப்பி வந்த ஒருவர் அந்த ஆண்டுகளில் அந்த நண்பர்களுக்கு ஒரு புலம்பலைக் காணிக்கையாக்கியிருக்கிறார் என்பதைச் சொன்னால் போதும். இசையின் ஒவ்வொரு பாருக்கும் அரசியல் பொருள் தேட வேண்டியதில்லை.

புலம்பல் என்று சொல்வது அலங்காரத்துக்காக அன்று. அரை அரை ஸ்வரமாகக் கீழே சரிந்து, மறுபடி சற்று மேலிருந்து தொடங்கி, இன்னும் நீளமாகச் சரியும் ஒரு மெட்டே இந்த உருப்படி முழுவதற்கும் ஆதாரம். ஐரோப்பிய பரோக் காலத்திலிருந்தே துக்கத்துக்கு உரியது இந்தச் சரிவு. லிகெட்டி 1982இல் எழுதிய ஹார்ன் (மேற்கத்தியப் பித்தளை ஊதுகருவி), வயலின், பியானோ மூவிசையின் கடைசிப் பகுதியும் இதே அமைப்புக் கொண்டது. அந்தப் பகுதிக்கு ‘லமெண்ட்டோ’, அதாவது புலம்பல், என்றே தலைப்பிட்டிருக்கிறார்.

வேகங்களைப் பற்றி. வாசிப்பவர் உண்மையில் ஒரே வேகத்தில்தான் வாசிக்கிறார். அடியில் செமிகுவேவர்கள் (குவேவரில் பாதி நீளமுள்ள ஸ்வரங்கள்) ஓயாமல் ஓடுகின்றன. அந்த ஓட்டத்தில் எத்தனை ஸ்வரத்துக்கு ஒருமுறை அழுத்தம் விழுகிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு குரலுக்கும் ஒரு வேகம் இருப்பதாகக் கேட்பவரின் காது முடிவு செய்துகொள்கிறது. ஒரு குரலில் ஐந்து செமிகுவேவருக்கு ஒருமுறை, இன்னொன்றில் மூன்றுக்கு ஒருமுறை, பிறகு நான்குக்கும் ஏழுக்கும் என்று குரல்கள் சேர்கின்றன. இந்த வித்தையை லிகெட்டி வெளிப்படையாகவே ஒரு மாயத் தோற்றம் என்று கருதினார். நான்காரோவின் இயந்திரம் நிஜமாகச் செய்ததை, உயிருள்ள ஒரே கலைஞர் தோற்றமாகச் செய்து காட்ட முடியுமா என்பதே அவர் எடுத்துக்கொண்ட சோதனை.

ஐந்தும் மூன்றும் சேரும் இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இரண்டும் மீண்டும் ஒன்றுசேர 15 செமிகுவேவர் ஆகும். ஐந்தின் குரல் 1, 6, 11 ஆகிய இடங்களில் விழும். மூன்றின் குரல் 1, 4, 7, 10, 13 ஆகிய இடங்களில் விழும். ஒன்றை ஒட்டி மற்றொன்று விழும் இடங்கள் இரண்டே: 6ஐ அடுத்து 7, 10ஐ அடுத்து 11. முதலாவதில் மெதுவான குரல் முந்துகிறது. இரண்டாவதில் வேகமான குரல் முந்துகிறது. இந்த இரு இடங்களில்தான் கைகள் ஒன்றையொன்று இழுத்துச் சேர்த்து அடித்துவிடும். எனவே 15 ஸ்வரங்களையும் வாசித்துக் களைப்பதற்கு முன், இந்த இரண்டு இணைகளை மட்டும் தனியே எடுத்து, எது முந்துகிறது என்று காதுக்குப் புரியும்வரை மெதுவாக வாசியுங்கள். அவை தெளிந்துவிட்டால் மற்ற இடங்கள் தாமாகவே ஒழுங்குபட்டுவிடும்.

வாசிப்பவர்களிடம் நான் அதிகம் காணும் குறை, எல்லா அழுத்தங்களையும் ஒரே பலத்தில் அடிப்பது. அப்படி அடித்தால் குரல்கள் பிரியாமல் ஒரே தாளவாத்தியமாகக் கேட்கும். மெதுவான குரல் பாட வேண்டும். அதன் ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்த ஸ்வரத்தை நோக்கிச் சாய வேண்டும். இடையில் வந்து சேரும் வேகமான குரல், முதலில் அதற்குப் பின்னால் நின்று, பிறகு மெல்ல முன்னே வரலாம். எல்லாக் குரல்களும் கீழ்நோக்கி விழுந்து, கட்டைகள் தீர்ந்துபோகும் அடிமட்டத்தில் இந்த உருப்படி சட்டென நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து அழகுபடுத்த எந்த அவசியமும் இல்லை.

கேள்வி: எட்யூட்களின் நோட்ஸ் இணையத்தில் இலவசமாகக் கிடைக்குமா? எந்த ஒலிப்பதிவைக் கேட்கலாம்? (வாசகர், மதுரை)

பதில்: சட்டப்படி இலவசமாகக் கிடைக்காது. இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். லிகெட்டியின் படைப்புகளுக்கு அது 2066ஆம் ஆண்டு இறுதிவரை. மாயின்ஸ் நகரத்து ஷோட் நிறுவனம் மூன்று தொகுதிகளையும் வெளியிட்டிருக்கிறது. ஒரு தொகுதியை நல்ல அச்சில் வாங்குவதே நல்லது. நகலெடுத்த மங்கலான தாளில் சிறிய தலை ஸ்வரங்களும் விலகி நிற்கும் பார்க் கோடுகளும் சரியாகத் தெரியாது, இந்த இசையில் அவை தெரியாமல் ஒன்றும் நடக்காது.

ஒலிப்பதிவுகளில் பியர்-லோரான் எமாருடையதை முதலில் கேளுங்கள். இரண்டாம் தொகுதியின் ‘டெர் ஸௌபர்லேர்லிங்’ எட்யூட்டை லிகெட்டி காணிக்கையாக்கியது இவருக்குத்தான். சோனி நிறுவனம் 1997இல் வெளியிட்ட அந்தப் பதிவில் குரல்கள் தனித்தனியே கேட்கும் தெளிவு வியப்பூட்டும். அது வெளியானபோது மூன்றாம் தொகுதி முடியவில்லை என்பதால் பதினெட்டும் அதில் இல்லை. பதினெட்டையும் கேட்க விரும்புபவர்கள் ஃப்ரெட்ரிக் உல்லெனின் பதிவைத் தேடலாம். இந்த ஸ்வீடன் நாட்டுக் கலைஞர் நரம்பியல் ஆய்வாளரும்கூட என்பது இந்த உருப்படிகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு வியப்பாக இராது. 2021இல் ஹைப்பீரியன் வெளியிட்ட டானி டிரைவரின் பதிவிலும் பதினெட்டும் உண்டு. மெதுவான எட்யூட்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். முதல் இரண்டு தடவை நோட்ஸைப் பார்க்காமல் கேட்டுவிட்டு, மூன்றாவது தடவை வலது கை வரியை மட்டும் விரலால் பின்தொடர்ந்து கேளுங்கள்.